மதுரைச் சீமையை வரைந்தது யார்?

(மதுரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1752ஆம் ஆண்டு பாரிஸில் இந்தியாவின் நிலப்படம் ஒன்று வெளிவந்தது. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அதை வரைந்தவர் ழான் பத்தீஸ்த் தான்வில். இந்தியாவைப் பற்றி அதுவரை ஐரோப்பாவில் வந்த படங்களில் இதற்கு இணையானது வேறில்லை. பிரெஞ்சுக்காரர்களோடு இதே கர்நாடகச் சீமையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களே அதன் விளக்க நூலைச் சில ஆண்டுகளில் தங்கள் மொழிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு 1782இல் ஜேம்ஸ் ரென்னல் தம் புகழ்பெற்ற இந்துஸ்தான் படத்தை வெளியிட்டபோதும், அவர் முன் இருந்த முதன்மையான படம் தான்வில்லுடையதுதான். இத்தனை பெருமைக்கும் உரிய தான்வில் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். 1697இல் பிறந்து 1782இல் இறந்த அந்த மனிதர், பாரிஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டாமலே வாழ்நாளைக் கழித்துவிட்டார். வைகையையும் அழகர்மலையையும் காணாத ஒருவருடைய படத்தில் மதுரை ஏறக்குறைய சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது எப்படி? பாரிஸின் விஞ்ஞானம் என்பதுதான் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அந்த விடையில் பாதி உண்மை இருக்கிறது. படத்தின் சட்டத்தைக் கொடுத்தது பாரிஸ். சட்டத்துக்குள் இருக்கும் நாட்டைக் கொடுத்தது மதுரைச் சீமையில் நடந்த கால்களும் அங்கே வழி சொன்ன வாய்களும். ஆகவே இந்தப் படம் இரண்டு ஊர்களின் கூட்டு வேலை என்பது என் வாதம். அதற்கான ஆதாரங்களையும், அதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். மதுரை ஐரோப்பியரின் படத்தில் ஏறியது பிரெஞ்சுக்காரர்களால் அன்று. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி தம் நிலவியல் நூலில் மதுரையைப் பாண்டியனின் அரச நகரம் என்று குறிப்பிட்டு, அதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் கொடுத்திருக்கிறார். கொற்கையும் குமரியும் அவர் பட்டியலில் உண்டு. அந்த நூல் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனுக்கு வந்தது. 1477இல் இத்தாலியின் பொலோனா நகரில் படங்களோடு அச்சாயிற்று. ஆக, வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் அச்சுப் படத்தில் மதுரை இருந்தது. இதைச் சொன்னால் நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். தென்னிந்தியா என்ற முக்கோணமே அதில் இல்லை. மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் ஒரே கோடாகப் படுத்துக் கிடக்கின்றன. இலங்கை பல மடங்கு பெருத்துக் கடலை அடைத்துக்கொண்டிருக்கிறது. மதுரை தன் உண்மையான இடத்துக்கு வெகு வடக்கே நிற்கிறது. முத்து வாங்க வந்த கப்பல்காரர்கள் கேள்விப்பட்ட ஊர்ப் பெயர் அலெக்சாந்திரியா வரை பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது, அது எங்கே இருக்கிறது என்ற செய்தி மட்டும் வழியில் கெட்டுப்போயிருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ் இந்த வேலைக்குள் நுழைகிறது. நுழைந்த இடம் பாரிஸ் அன்று, நார்மண்டிக் கரையில் உள்ள தியெப் என்ற துறைமுகம். அங்கிருந்து 1529இல் பார்மாந்தியே சகோதரர்கள் இரண்டு கப்பல்களில் சுமத்ரா வரை போனார்கள், இருவரும் திரும்பவில்லை. ஆனால் அந்த ஊரில் ஒரு நிலப்படப் பள்ளியே உருவாயிற்று. ழான் ரோட்ஸ் 1542இல் ஒரு படத்தொகுதியை இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்தார். பியேர் தெசெலியே 1546லும் 1550லும் பெரிய உலகப் படங்கள் வரைந்தார். கியோம் லெ தெஸ்தூ 1556இல் ஒரு முழுத் தொகுதியை முடித்தார். தோலின் மேல் வண்ணமும் பொன்னும் இட்டு எழுதிய இவை கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு. கரையோரத்தில் துறைமுகப் பெயர்கள் நெருக்கமாக இருக்கும். உள்நாட்டில் யானையும் கூடாரமும் சிம்மாசனத்தில் அமர்ந்த அரசரும் இருப்பார்கள். காரணம் எளிது. போர்த்துகீசியரின் கடல்வழிப் படங்களைப் பார்த்து எழுதியவர்களுக்குக் கரை தெரியும், கரைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. இன்னொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். மாலுமிகளின் படங்களில் துறைமுகப் பெயர்களைக் கடலின் பக்கம் எழுதமாட்டார்கள், கப்பல் போகும் வழி மறையும் என்பதால். கரைக்குச் செங்குத்தாக, நிலத்தின் பக்கம் எழுதுவார்கள். முத்துக்குளித்துறையின் ஊர்ப் பெயர்கள் அப்படி எழுதப்படும்போது, மதுரை இருக்க வேண்டிய வெளியை அவையே ஆக்கிரமித்துக்கொள்ளும். தூத்துக்குடியில் இறங்கி மதுரைக்கு வர நினைத்த ஒருவனுக்கு இந்த அழகான தோல் துண்டால் ஒரு பயனும் இருந்திருக்காது.

இந்த நிலை மாறியது பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1666இல் அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு பாரிஸ் வானாய்வுக்கூடத்தின் கட்டடப் பணி ஆரம்பமாயிற்று. இத்தாலியிலிருந்து வானியலாளர் காசினி வரவழைக்கப்பட்டார். அவருடைய பலம் வியாழன் கோளின் துணைக்கோள்கள் பற்றிய அட்டவணை. வியாழனின் நிழலுக்குள் அதன் நிலவு ஒன்று மறையும் நொடி, உலகில் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே நொடிதான். அப்போது பாரிஸில் மணி என்ன, புதுச்சேரியில் மணி என்ன என்று தெரிந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு கைக்கு வந்துவிடும். பாரிஸுக்கும் புதுச்சேரிக்கும் ஏறத்தாழ ஐந்து மணி பத்து நிமிட வேறுபாடு. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. கடிகாரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் நம் அட்சரேகையில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தவறு வரும், மதுரைக்கும் மேலூருக்கும் உள்ள தூரம் அளவுக்கு. இந்த முறையை முதலில் பிரான்சின் மீதே பிரயோகித்துப் பார்த்தார்கள். 1693இல் அச்சான படத்தில் நாட்டின் மேற்குக் கரை கிழக்கே நகர்ந்து பிரான்சின் பரப்பே சுருங்கிவிட்டது. அரசர் தம் வானியலாளர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

அதே முறை கிழக்கேயும் வந்தது. 1685இல் ஆறு சேசு சபையார் அரசரின் கணித அறிஞர்கள் என்ற பட்டத்தோடு கிழக்கே அனுப்பப்பட்டார்கள். 1687இல் இன்னொரு குழு சயாமுக்குப் போனது. மறு ஆண்டே அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. தப்பியவர்கள் சிலர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அவர்களில் ழான் ரிஷோ 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து வால்வெள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி என்ற விண்மீன் உண்மையில் இரட்டை என்று கண்டார். வானியல் வரலாற்றில் புதுச்சேரிக்கு ஓர் இடம் அன்றே கிடைத்தது. சரி, இத்தனை விஞ்ஞானமும் மதுரைக்கு எவ்வளவு தூரம் வந்தது? தொலைநோக்கியும் ஊசல் கடிகாரமும் கடற்கரைக் கோட்டைக்குள் வைத்துப் பார்ப்பவை. அவற்றால் படத்தில் சில புள்ளிகளை ஆணி அடித்தாற்போல நிறுத்தலாம். 1723இல் பிரெஞ்சுப் படவரைஞர் கியோம் தெலீல் மலபார், சோழமண்டலக் கரைகளின் படத்தை அரசருக்குச் சமர்ப்பித்தார். அதன் தலைப்பே கரைகளைப் பற்றியதுதான். இரண்டு கரைகளுக்கும் நடுவே நாட்களாகவும் வாரங்களாகவும் நடக்க வேண்டிய நிலம் கிடந்தது. அதை நிரப்ப வேறு ஒரு வகை அறிவு வேண்டியிருந்தது.

அந்த அறிவின் வாயில் சேசு சபையாரின் மதுரை மிஷன். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து தொடங்கும் அந்த வரலாற்றை இந்த அவைக்கு நான் விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது போர்த்துகீசிய அரசரின் ஆதரவின் கீழ் இருந்த மிஷன். அதில் இத்தாலியர் இருந்தார்கள், போர்த்துகீசியர் இருந்தார்கள், பிற்பாடு பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். சயாமிலிருந்து வந்தவர்களில் ஒருவரான ழான் வெனான் பூஷே இதில் சேர்ந்து, திருச்சிக்குத் தெற்கே இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவூரில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பிறகு பிரெஞ்சுச் சேசு சபையாரின் கர்நாடக மிஷனுக்குத் தலைவரானார். 1732இல் இறந்தார். அவர் 1719இல் தென்னிந்தியாவின் படம் ஒன்றைப் பிரான்சுக்கு அனுப்பினார். சேசு சபையாரின் கடிதங்கள் 1702 முதல் 1776 வரை முப்பத்துநான்கு தொகுதிகளாக பாரிஸில் வெளிவந்துகொண்டிருந்தன. அந்த வரிசையில் பூஷேயின் படமும் அச்சேறியது. தான்வில் தென்னாட்டின் உட்பகுதியை வரைந்தபோது எடுத்துக்கொண்ட மூலங்களில் இது முக்கியமானது. கடலிலிருந்து பார்த்து வரைந்த படங்களின் வரிசையில், உள்ளேயிருந்து வரைந்து வெளியே அனுப்பிய படம் இது. எனக்கு இது மிகப் பெரிய திருப்பமாகத் தோன்றுகிறது. தியெப் ஓவியர்கள் யானை வரைந்த வெளியில் இப்போது ஊர்கள் வருகின்றன.

அந்த ஊர்கள் எப்படி வந்தன? இந்தப் பாதிரிமார் சந்நியாசி உடையில், காவி உடுத்தி, மரக்கறி உணவோடு வாழ்ந்தவர்கள். பறங்கி என்ற பெயர் வந்துவிட்டால் ஊருக்குள் கால் வைக்க முடியாது என்பதால் ஐரோப்பியச் சாயல் தெரியாமல் நடந்துகொண்டார்கள். அப்படிப்பட்டவர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் நின்று நிலம் அளந்தால் என்ன ஆகும்? மறவர் சீமையில் சேசு சபைப் பாதிரியார் ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்டார். அந்தப் பகுதிக்குள் நுழைவதே உயிர்ப் பயம். சூரியனின் உச்சி உயரத்தைக் கொண்டு ஓர் ஊரின் அட்சரேகையை ஓரளவுக்கு அறிவது கஷ்டமில்லை. சிறிய கருவி போதும். ஆனால் ஊருக்கு ஊர் தூரமும் திசையும் நடந்தவர் சொல்லக் கேட்டே தெரிய வேண்டும். அந்தத் தூரங்கள் நம்முடைய அளவையில்தான் வந்திருக்க முடியும். ஒரு நாழிகைக்குள் நடக்கும் தூரம் நாழிகைவழி. காதம் என்பது சுமார் பத்து மைல். ஒரு நாள் நடை என்பது இன்னொரு அளவு. பாதிரிமாரின் கடிதங்களில் இந்த ஊரிலிருந்து அந்த ஊர் இத்தனை நாள் நடை என்ற கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அதைச் சொன்னவர்கள் யார்? முன்னே போய் ஊர் நிலவரம் பார்த்து வந்த உபதேசியார்கள், உப்புப் பொதி ஏற்றிய மாட்டுக்காரர்கள், காசிக்கும் இராமேசுவரத்துக்கும் போய்வந்த யாத்திரிகர்கள். சத்திரங்கள் இருந்த நாடு இது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மங்கம்மாள் சத்திரத்தை நீங்கள் தினமும் கடந்து போகிறீர்கள். மங்கம்மாள் சாலை என்ற பெயர் தெற்கே பல ஊர்களில் இன்னும் வழங்குகிறது. மரம் நட்டு, சத்திரம் வைத்து, ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்று அமைத்த சாலை, தரையிலேயே எழுதி வைத்த தூர அட்டவணை.

இனி பாரிஸில் தான்வில் என்ன செய்தார் என்று பார்ப்போம். ஒரு பாதையின் தூரத்தை அப்படியே படத்தில் வைக்க முடியாது. மதுரையிலிருந்து திருச்சிக்கு நூல் பிடித்தாற்போல அளந்தால் சுமார் 115 கிலோமீட்டர். சாலை வழியாகப் போனால் ஏறத்தாழ 130. பழைய நடைபாதை இன்னும் வளைந்திருக்கும், ஏனென்றால் நம் சமவெளியில் பாதை கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போகும். வளைவுக்கு எவ்வளவு கழிப்பது? ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையில் பல பேர் சொன்ன நடைக்கணக்குகளை ஒப்பிட்டு, இரண்டு புள்ளிகளின் அட்சரேகை தெரிந்திருந்தால் அதோடு பொருத்திப் பார்த்து, காதத்துக்கும் பிரெஞ்சு லீக்குக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு, பிறகே அவர் ஓர் ஊரை வைத்தார். தம் படங்களுக்கு அவர் விளக்க நூல்களும் எழுதினார். இந்தியப் படத்துக்கான விளக்கம் 1753இல் வந்தது. எந்த ஊரை எந்த ஆதாரத்தில் எங்கே வைத்தேன் என்று காரணம் காட்டும் நூல் அது. தெரியாததை வெற்றிடமாக விடும் துணிவும் அவருக்கு இருந்தது. 1749இல் அவர் வெளியிட்ட ஆப்பிரிக்கப் படத்தில், மற்றவர்கள் அரசுகளும் ஏரிகளும் போட்டு நிரப்பியிருந்த பகுதிகளை வெறுமையாக விட்டார். தான்வில்லின் மேதைமையை நான் குறைக்கவில்லை. ஆயிரம் வாக்குமூலங்களைச் சலித்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி அவர். தீர்ப்பைப் படித்துவிட்டு சாட்சிகளே இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் குறை.

இங்கே ஒரு பொருளைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. மதுரை நாயக்க அரசி மங்கம்மாளின் ஆட்சிக் காலத்தில் பூஷே திருச்சிக்குப் போய்த் தளவாயைச் சந்தித்தார். தலைநகரம் அப்போது திருச்சிக்குப் போய்விட்டது, அரசுக்குப் பெயர் மட்டும் மதுரையாகவே இருந்தது. அவர் கொண்டுபோன பரிசுகளில் ஒன்று இரண்டடி விட்டமுள்ள பூகோள உருண்டை. அதில் நாடுகள், கடல்களின் பெயர்கள் தமிழில் எழுதப்பட்டிருந்தன என்று சேசு சபைக் கடிதங்கள் சொல்கின்றன. இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கும் உருண்டையைவிடப் பெரியது. அதை உருட்டிப் பார்த்தவர் பாரிஸ் எங்கே, லிஸ்பன் எங்கே என்று தமிழில் படித்திருப்பார். பதினெட்டாம் நூற்றாண்டின் வாசலில் மதுரை நாயக்க அரசின் அவைக்கு உலகம் தமிழ் எழுத்தில் வந்து சேர்ந்தது. அதை எழுதிக் கொடுத்த கை யாருடையது? பூஷேக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆயினும் நூற்றுக்கணக்கான பெயர்களை உருண்டையின் மேல் எழுதும் வேலையில் உள்ளூர் எழுத்தர் ஒருவரின் துணை இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். ஊகம் என்று சொல்லியே வைக்கிறேன். உறுதியாகத் தெரிவது, இந்தப் போக்குவரத்து இரு வழியிலும் நடந்தது என்பது.

இப்போது ஆட்சேபங்களுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபம்: உள்ளூர்க்காரர்கள் சொன்னார்கள் என்று சொல்கிறீர்கள், அவர்களில் ஒருவர் பெயராவது படத்தில் உண்டா? இல்லை. இதற்கு நான் பிரான்சையே சாட்சிக்கு அழைக்கிறேன். காசினி குடும்பத்தார் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு முழுவதையும் முக்கோண முறையில் அளந்து பெரிய படத்தொகுதி வெளியிடத் தொடங்கினார்கள். அளவைக்காரர்களிடம் எல்லாக் கருவிகளும் இருந்தன, அரசாணை இருந்தது, மொழியும் ஓரளவு ஒன்றுதான். அப்படியிருந்தும் ஊர்ப் பெயர்களை உள்ளூர்ப் பாதிரியாரிடமும் நிலக்கிழாரிடமும் காட்டிச் சரிபார்த்து ஒப்பம் வாங்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சொந்த நாட்டிலேயே ஊராரின் வாய்ச்சொல் இல்லாமல் படம் முடியவில்லை. கருவி இல்லாமல், மாறுவேடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், மைசூர் எல்லையிலிருந்து மறவர் சீமை வரை விரிந்த நாட்டைத் தாங்களாகவே அறிந்து வரைந்தார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அங்கே ஒப்பம் வாங்கினார்கள், இங்கே வாங்கவில்லை, வேறுபாடு அவ்வளவுதான். இதைச் சதி என்று நான் சொல்லமாட்டேன். பூஷேயின் பெயரையே பலர் மறந்துவிட்டார்கள். தான்வில்லின் பெயர் மட்டும் நிற்கிறது. படத்தின் மூலையில் கையெழுத்திடுபவருக்கு முன்னால் இருந்த எல்லாரையும் படம் விழுங்கிவிடும். பெயர் எழுதும் வழக்கம் பின்னால் வந்தது. காலின் மெக்கன்சி 1783இல் இந்தியாவுக்கு வந்தவுடன் தங்கியது இதே மதுரையில், ஜான்ஸ்டன் குடும்பத்தாரோடு. இங்குள்ள பண்டிதர்களோடு பழகியதுதான் அவருக்குத் தென்னாட்டு ஆவணங்களின் மீது பற்று உண்டாகக் காரணம். பிற்காலத்தில் அவர் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனார். அவரோடு வேலை செய்த காவலி வெங்கட போரையா சகோதரர்களின் பெயர்கள் இன்று வரலாற்றில் இருக்கின்றன, மெக்கன்சி எழுதி வைத்ததால். பூஷேயின் உபதேசியார்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. நிலப்படம் என்பது ஆட்சியின் ஆயுதம். கம்பெனிக்காக வரைந்த படத்தைக் கூட்டு வேலை என்று கொண்டாடுவது, நம் நாட்டை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததைக் கொண்டாடுவது ஆகாதா? கேள்வி நியாயமானது. விடை காலவரிசையில் இருக்கிறது. தான்வில்லின் படம் வெளிவந்த அதே 1752இல், ஜூன் மாதத்தில், திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிபு கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். இந்தியாவின் சிறந்த படத்தை வைத்திருந்தவர்கள் தோற்றார்கள். அதை மொழிபெயர்த்துப் படித்தவர்கள் வென்றார்கள். ஆகவே இந்த வகைப் படத்துக்கு அவ்வளவு வலிமையைச் சூட்டுவது மிகை. படங்களில் வகை உண்டு. நாடு முழுவதையும் சில தாள்களில் காட்டும் படம் அரண்மனைச் சுவரில் தொங்கும். அதை வைத்து ஒரு குழி நிலத்துக்கும் வரி போட முடியாது. ஒரு கோட்டையைப் பிடிக்க வேறு படம் வேண்டும். 1763லும் 1764லும் மதுரைக் கோட்டைக்குள் நின்று யூசுப்கான் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டபோது, முற்றுகையிட்டவர்களுக்கு அகழியின் அகலமும் கொத்தளத்தின் கோணமும் வேண்டியிருந்தன, தீர்க்கரேகை வேண்டியிருக்கவில்லை. கடைசியில் கோட்டை விழுந்தது உள்ளேயிருந்த மார்ஷான் என்ற பிரெஞ்சுக்காரரும் சிலரும் அவரைப் பிடித்துக்கொடுத்ததால். நிலத்தை உண்மையிலேயே ஆட்சியின் பிடிக்குள் கொண்டுவந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பைமாஷ் என்ற நில அளவையும் சர்வே எண்ணும் கிராமப் படமும். தாலுகா அலுவலகத்தில் பட்டாவுக்கு அலைந்தவர்களுக்கு அந்தப் படத்தின் அதிகாரம் எப்படிப்பட்டது என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். பூஷேயின் 1719ஆம் ஆண்டுப் படத்தில் அந்த அதிகாரம் இல்லை. அது போய்ச் சேர்ந்த நாட்டுக்கு மதுரைச் சீமையில் ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமாக இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த் திசையிலிருந்து வரும். தமிழருக்கு நிலப்படம் வரையும் வழக்கமே இல்லையே, பிறகு என்ன கூட்டு வேலை? தாளில் வரைந்த படம் குறைவு என்பது உண்மை. நிலத்தைத் துல்லியமாகச் சொல்லும் வழக்கம் குறைவு என்பது பொய். வேள்விக்குடி, சின்னமனூர் போன்ற பாண்டியர் செப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். கொடுக்கப்பட்ட நிலத்துக்குக் கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று வரிசையாக வரும். புற்று, மரம், குளக்கரை, வாய்க்கால், வழி என்று அடையாளம் அடையாளமாக எல்லை நகரும். பல்லவர், சோழர் செப்பேடுகள் பிடி யானையை நடத்தி எல்லை காட்டியதைச் சொல்கின்றன. அந்த யானைக்குப் பின்னால் அதிகாரியும் ஊராரும் நடந்தார்கள். அதைச் சொற்களில் எழுதினார்கள். புதுக்கோட்டை, திருச்சி வட்டாரக் கோயில்களின் சுவரிலும் அடித்தளத்திலும் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை இரண்டு குறிகளுக்கு நடுவே வெட்டி வைத்திருக்கிறார்கள், யாரும் கோலைக் குறைத்து ஏமாற்ற முடியாதபடி. இது நடந்து சொல்லும் நிலவியல். பாதிரிமாருக்கு வழி சொன்னவர் இந்த மரபில் வளர்ந்தவர். கிழக்கே இத்தனை நாழிகைவழி, ஆற்றைத் தாண்டி வலப்பக்கம் மலை என்று சொல்லும் பழக்கம் அவர் ரத்தத்தில் இருந்தது.

ஆனால் இந்த மரபின் மிக நுட்பமான பகுதி பாரிஸுக்குப் போகவே இல்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வைகைச் சமவெளியின் உயிர் கண்மாய். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. எந்த மடை முதலில் திறக்கும், எந்த ஊருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பது ஊருக்கு ஊர் தெரிந்த சங்கதி. வைகை வழியெல்லாம் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும் ஆறு. வெள்ளக் காலத்தில்தான் கடலைப் பார்க்கும். ஆறு என்றால் கடலில் கலக்கும் என்று எண்ணும் ஐரோப்பியருக்கு இப்படி ஓர் ஆற்றை வரைய இலக்கணமே கிடையாது. மறவர் சீமையில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பியேர் மார்த்தேன், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மக்கள் மழைத்தண்ணீரைச் சேமிக்கும் திறத்தைக் கண்டு வியந்து கடிதம் எழுதினார். கடிதத்தில் வந்த கண்மாய் படத்தில் வர இடமில்லை. அந்த அளவில் வரைந்தால் ஊருக்கே இடமில்லாதபோது கண்மாய்க்கு எங்கே போவது? இது தான்வில்லின் தவறு இல்லை. வழி கேட்டவர்களுக்கு வழி கிடைத்தது, தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆதலால் அந்தப் படத்தைப் பார்த்து அக்கால மதுரை நாட்டின் வேளாண்மையை எடைபோட நினைப்பவர் ஏமாந்துபோவார். சாலை, சத்திரம், சந்தை, கோயிலூர், கோட்டை ஆகியவற்றைத் தேடுபவருக்கு அதில் நிறையக் கிடைக்கும்.

தேடுவதற்கு இன்று தடை ஒன்றும் இல்லை. தான்வில் தம் வாழ்நாளில் சேர்த்த சுமார் பத்தாயிரம் படங்களைப் பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. அவை இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்தின் காலிகா இணையத்தளத்தில் அவருடைய படங்களைக் காசில்லாமல் பெரிதாக்கிப் பார்க்கலாம். மதுரை மிஷனின் ஆவணங்களைப் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானலுக்கு அருகில் செண்பகனூரில் சேசு சபையாரின் ஆவணக் காப்பகம் இருக்கிறது, பேருந்தில் போனால் நான்கைந்து மணி நேரம். பிரெஞ்சு எழுத்தில் உருமாறிக் கிடக்கும் அந்த ஊர்ப் பெயர்கள் எந்த ஊர்கள் என்று அடையாளம் காணும் வேலையை ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. அதற்குப் பழைய பாதை தெரிந்த, பேச்சுவழக்கில் ஊர்ப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்த, கைவிடப்பட்ட சத்திரத்தின் இடிபாட்டைக் காட்டக்கூடிய மனிதர்கள் வேண்டும். அவர்கள் மேலூரிலும் திருப்புவனத்திலும் உசிலம்பட்டியிலும் இன்னும் இருக்கிறார்கள், வயதானவர்களாக. மதுரைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஆளுக்கொரு தாலுகாவை எடுத்துக்கொண்டு, படத்தின் பிரதியோடு மாணவர்களை அனுப்பி, ஒவ்வொரு பெயரையும் ஊராரிடம் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சரிபார்த்துக் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் தேதியோடு எழுதி வாங்கி வாருங்கள். இந்த ஆண்டுக் கோடை விடுமுறையிலேயே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.